மச்சான் ஓட்டிய மாட்டுவண்டி

புரட்டாசி கடைசி வியாழக்கிழமை, காலை ஏழு நாற்பதுக்கு, கீரனூர் நிறுத்தத்தில் என் மச்சான் தன் பேருந்தின் பின்படியிலிருந்து இறங்கினார். கண்டக்டராக இருபத்தாறு ஆண்டுகள் அவர் ஏறி இறங்கிய படி. அன்று அதற்கு நேர் கீழே இளநீர்க் கடைக்காரர் சீவிப்போட்ட மட்டைத் துண்டு ஒன்று மழையில் ஊறிக் கிடந்தது. வலது கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு விட்டுப்போயிற்று.

நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று கேட்கலாம். மச்சான் விழும்போதும் விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. வலியில் அது ஊதிவிட, மச்சான் புறப்படச் சொல்கிறார் என்று நினைத்து டிரைவர் கியரைப் போட்டபடி கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். மறுநாளே அவரைத் தேடிப்போய்க் கேட்டு எழுதிக்கொண்டேன். நான் அப்படிப்பட்ட ஆள். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் பதிவேட்டுப் பிரிவில் வேலை. வீட்டில் ஆண்டுக்கு ஒன்றாக முப்பத்தோரு நோட்டுகள் இருக்கின்றன. தெருவில் குழாய்த் தண்ணீர் எந்தக் கிழமை வந்தது, குளம் எப்போது நிரம்பி வழிந்தது, எதிர்வீட்டு வேம்பு எந்த நாளில் பூத்தது எல்லாம் அவற்றில் உண்டு. இதுவரை ஒரே ஒரு முறைதான் அவை பொதுக்காரியத்துக்குப் பயன்பட்டன. ஒரு மரம் வெட்டப்பட்ட நாள் குறித்து இரண்டு வீட்டாருக்குத் தகராறு வந்து என்னிடம் கேட்டார்கள். நான் காட்டிய தேதி இருவருக்குமே ஒத்துவரவில்லை. இருவரும் சமாதானமாகி, என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

எலும்பு டாக்டர் மச்சானுக்கு முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டார். ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. ஊன்றாமல் இருந்தால் எலும்பு தானே கூடிவிடும். ஊன்றி அது நகர்ந்தால் அறுத்து ஆணி வைக்க வேண்டும். ஆணி வைத்த காலோடு ஓடும் பேருந்தில் நின்று டிக்கெட் போடத் தகுதிச் சான்று வாங்குவது சுலபமில்லை. டிப்போவில் நாற்காலி வேலைதான் கொடுப்பார்கள். மச்சான் அதற்குத்தான் பயந்தார்.

"நாற்காலியில உக்காந்துக்கிட்டு, எவன் எப்ப வந்தான், எப்ப போனான்னு எழுதுறதெல்லாம் ஒரு பொழப்பா மாப்ள" என்று கேட்டார், முப்பத்தோரு நோட்டு எழுதியவனிடம்.

பயம் இருந்ததே தவிர உட்காரத் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஒற்றைக் காலில் தத்தித் தத்திக் கொல்லைப்புறம் வரை போய்விட்டுத் திரும்பினார். அக்கா எனக்கு போன் செய்தாள்.

"தம்பி, இந்த மனுசன உக்கார வையி. கதை சொல்லுவியோ, சீட்டு ஆடுவியோ எனக்குத் தெரியாது. ஆறு வாரம் அந்தக் காலு கீழ படக் கூடாது."

இந்த இடத்தில் என் சுயநலத்தையும் பதிவு செய்துவிடுகிறேன். பத்து ஆண்டுகளாக நான் ஒரு விளையாட்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதை நடத்துபவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "காடு வருகிறது, வழி இரண்டாகப் பிரிகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். அவர்கள் சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்பதை உருட்டும் கட்டை முடிவு செய்யும். யாரும் ஜெயிப்பதில்லை, தோற்பதில்லை, கதை போய்க்கொண்டே இருக்கும். கட்டைகளைத் தபாலில் வரவழைத்து வைத்திருந்தேன். ஆறுமுகக் கட்டை, எட்டுமுகக் கட்டை, நெல்லிக்காய் அளவில் இருபது முகங்கள் உள்ள ஒன்று. எனக்கென்று ஒரு நாட்டையே மூன்று நோட்டுகளில் எழுதி முடித்திருந்தேன். கிழக்கே கடல், மேற்கே தலைநகரம், நடுவில் செம்மண்ணும் கண்மாய்களும். அந்த நாட்டுக்குக் கிழமை, திதி, திருவிழா எல்லாம் சேர்த்து மூன்று ஆண்டுகளுக்குப் பஞ்சாங்கமும் போட்டுவிட்டேன். ஆட ஆள்தான் இல்லை.

அலுவலகத்தில் ஒரு முறை முயன்றேன். மூன்று பேர் வந்தார்கள். முதலாமவர் யார் ஜெயிப்பது என்று கேட்டார். யாரும் இல்லை என்றதும் டீ குடிக்கப் போனார். இரண்டாமவர் அவரைக் கூட்டிவரப் போனார். மூன்றாமவர் மரியாதைக்காகத் தன் பஸ் நேரம் வரை உட்கார்ந்திருந்தார்.

ஒரே ஆட்டக்காரரை வைத்தும் நடத்தலாம் என்று படித்திருந்தேன். அது ஆபத்தானது என்றும் படித்திருந்தேன். கூட்டமாகப் போனால் ஒருவர் விழும்போது இன்னொருவர் தூக்கிவிடுவார். தனியாள் விழுந்தால் தூக்க ஆளில்லை. அவர் செத்தால் ஆட்டமும் செத்தது. ஆனால் காலைத் தூக்கி முக்காலியில் வைத்தபடி, எழுந்து போக முடியாத ஒரு மனிதர் எனக்குக் கிடைத்திருந்தார். சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு மூன்று நோட்டோடும் கட்டைகளோடும் போய் நின்றேன்.

"நீங்க யாரா வேணும்னாலும் இருக்கலாம் மச்சான். படைத்தலைவர், ஒற்றர், வைத்தியர்..."

"பஸ் உண்டா?"

"ராசா காலம். பஸ் கெடையாது."

"அப்ப சனம் எப்புடிப் போகும் வரும்?"

"நடந்து. இல்லாட்டி மாட்டுவண்டி."

"அப்ப நான் வண்டி. எங்கேருந்து எங்க?"

நான் திட்டமிட்டிருந்த கதை இது. கடலோர ஊரில் முத்திரையிட்ட ஓலை ஒன்று கொடுக்கப்படும். பன்னிரண்டு நாளுக்குள் அதைத் தலைநகரத்தில் சேர்க்க வேண்டும். வழியில் திருடர், துரோகி, பாழடைந்த கோட்டை என்று அறுபது பக்கம் தயாராக இருந்தது. மச்சான் ஓலையை வாங்கி இருக்கைக்கு அடியில் செருகிவிட்டு, ஊர் முனையில் வண்டியை நிறுத்தினார்.

"என்ன மச்சான் நிறுத்திட்டீங்க?"

"வண்டி சும்மாதான போகுது. நாலு பேர ஏத்திக்கிட்டாதான் என்ன? மேக்க போறவுகள்லாம் வாங்கன்னு சத்தம் குடுக்குறேன். யாரு வாரா, சொல்லு."

யாரும் வருவதாக என் நோட்டில் இல்லை. நான் யோசித்து யோசித்து ஒரு மீன்காரம்மாவை ஏற்றினேன். அடுத்த ஊரில் அவர் இறங்கினார். ஊருக்கு ஊர் நிறுத்தினார் மச்சான். முதல் மூன்று அமர்வுகளில் பதினேழு பேரை ஏற்றி இறக்கினார். அவர்களுக்கெல்லாம் ஊரும் உறவும் நான் உடனுக்குடன் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பாழடைந்த கோட்டையை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அங்கே இறங்குபவர் யாரும் இல்லையாம்.

நான்காவது அமர்வில் என் பஞ்சாங்கமே என்மீது பாய்ந்தது. ஓலை கொண்டுபோகிற வண்டிக்காரர் அன்று விடியற்காலை மேற்கே கிளம்பவேண்டும் என்றேன்.

"இன்னிக்கி என்ன கெழமை?"

பக்கத்தைப் புரட்டினேன். "வெள்ளி."

"வெள்ளிக்கெழமை மேக்க சூலம். போகக் கூடாது."

"இது கற்பனை நாடு மச்சான்."

"கெழமைய நீதான போட்ட?"

அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "வெல்லம் தின்னுட்டுப் போகச் சொல்லு. மேக்க சூலத்துக்கு வெல்லம்தான் பரிகாரம்."

வண்டி இன்னும் கடலோரத்தைத் தாண்டவில்லை; அந்த ஊரில் வெல்லத்துக்கு எங்கே போவது? மச்சானின் வண்டிக்காரர் வீடு வீடாகக் கேட்டு அலைந்தார். கருவாடு கிடைத்தது. உப்பு கிடைத்தது. கடைசியில், பத்துக்கு மேல் விழுந்தால் வெல்லம் என்று கட்டையை உருட்டி, பதினான்கு விழுந்து, ஒரு கோயில் மடப்பள்ளியில் ஓர் அச்சு கிடைத்தது. அந்த அமர்வு முழுவதும் அதிலேயே போயிற்று. நடப்பு நோட்டில் எழுதினேன்: நாள் மூன்று, வெள்ளி, வெல்லம் கிடைத்தது, பயணம் இல்லை. அக்கா நிஜ வெல்லம் ஆளுக்கு ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். மச்சானுக்கு அதில் பரம திருப்தி. ஒன்றரை மணி நேரம் கால் முக்காலியைவிட்டு இறங்கவில்லை என்பதால் எனக்கும் திருப்தி.

ஆட்டக்காரர் தன் கட்டையை எல்லோர் கண்ணெதிரே உருட்டுவார். நடத்துபவர் தனதை மறைவில் உருட்டுவது வழக்கம். தினசரிக் காலண்டரின் அட்டை ஒன்றை மடித்து என் முன்னால் நிறுத்தியிருந்தேன். முதல் நாளிலிருந்தே மச்சானுக்கு அது பிடிக்கவில்லை.

"மறவுல என்னத்த உருட்டுற?"

"அதான் மச்சான் முறை. முன்னாடியே தெரிஞ்சா சுவாரசியம் போயிரும்."

"தெரியாம இருக்குறதுல எனக்குச் சுவாரசியம் இல்ல. எழுதவாச்சும் சரியா எழுது."

எழுதுவதில் என்னைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வோர் உருட்டலையும் எழுதிவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். அது அலுவலகப் பழக்கம்.

மூன்றாவது வாரத்தில் தீபாவளி வந்தது. அதுதான் பெரிய சோதனை. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் பிரதான சாலை. போகிற ஒவ்வொரு பேருந்தையும் சத்தத்தை வைத்தே சொல்வார். "ஆறே காலு. லேட்டு. படியில தொங்குறானுங்க, கேளு." பண்டிகைக் கூட்டத்தில் தான் இல்லாமல் அந்தப் பேருந்து எப்படிப் போகிறது என்பது அவருக்குப் புரியவே இல்லை. அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவருடைய இரண்டு கையும் நாற்காலிப் பிடியை அழுத்தும். எழப்போகிறார் என்று அர்த்தம். உடனே நான் ஒரு திருடனை அனுப்பிவிடுவேன். அந்த வாரம் என் நாட்டில் சட்டம் ஒழுங்கு மிகவும் கெட்டுப்போயிருந்தது.

ஐந்தாவது வாரம், சனிக்கிழமை, பதினாறாவது அமர்வு. கதையில் பதினோராம் நாள், அங்கேயும் சனி. வண்டியில் தலைப்பிரசவத்துக்குப் போகிற ஒரு பெண், அவளுடைய அம்மா, வெற்றிலைக் கட்டோடு ஒரு வியாபாரி. எதிரே ஆற்றில் வெள்ளம்.

"ஒரு நாள் நின்னா தண்ணி வடிஞ்சிரும்" என்று வழிகாட்டினேன்.

"நின்னா ஓலை?"

"கெடு தாண்டிரும். செல்லாது."

"டைம்னா டைம்தான். மொதல்ல எல்லாரும் எறங்குங்க. பிள்ளத்தாச்சியப் பாத்து எறக்குங்க. வெறும் வண்டியத்தான் நான் தண்ணியில விடுவேன்."

எட்டுக்கு மேல் விழ வேண்டும். மூன்று விழுந்தது. வண்டி சாய்ந்தது. நுகத்தடியைப் பிடிக்க இன்னொரு வாய்ப்புக் கொடுத்தேன். பத்துக்கு மேல் வேண்டும். ஐந்து. வெள்ளத்தின் வேகத்துக்கு நான் எட்டுமுகக் கட்டையை உருட்ட வேண்டிய முறை. விழுகிற எண் வண்டிக்காரரின் உயிரில் கழியும்; அவருக்கு மிச்சமிருந்தது நான்கு புள்ளி. அட்டைக்குப் பின்னால் உருட்டினேன். ஆறு.

அட்டைக்கு மேலாக மச்சானின் மாவுக்கட்டுத் தெரிந்தது. இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி. வண்டிக்காரர் போய்விட்டால் இந்த மனிதரைப் பன்னிரண்டு நாள் எதைக் கொண்டு உட்கார வைப்பது?

"ரெண்டு" என்றேன்.

மச்சானின் கண் என் பேனாவில் இருந்தது.

"எழுதிட்டியா?"

"எழுதுறேன் மச்சான்."

"எப்பவும் எழுதிட்டுத்தான சொல்லுவ. பதினாறு நாளா பாக்குறேன். பேனாவக் கீழ வச்சாத்தான் ஒன் வாயி தொறக்கும். இன்னிக்கிச் சொல்லிட்டு எழுதுற."

"ஒரு அவசரத்துல..."

"நான் கேக்குறதுக்கு முன்னாடியே டிக்கெட் எடுத்துட்டேம்பான் பாரு, அவன்கிட்டதான் டிக்கெட் இருக்காது. அட்டையத் தூக்கு."

"அத நடத்துறவர் மட்டும்தான் பாக்கலாம். விதி இருக்கு மச்சான்."

"தூக்கு மாப்ள."

அப்போது நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். அட்டையைத் தூக்காமல் கட்டையின்மேல் கையை வைத்து மூடினேன். மச்சான் எழுந்தார். பயணியின் சட்டைப்பையில் மடித்த பழைய டிக்கெட்டைக் கண்டுபிடிக்கிற வேகத்தில் எழுந்து, இடது கால், வலது கால் என்று இரண்டு எட்டு வைத்து, அட்டையை ஒதுக்கி, என் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆறு" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவர் முகம் மாறியது. நாற்காலி இரண்டு எட்டுத் தூரத்தில் இருந்தது. மேசையைப் பிடித்தபடி வலது காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். அக்கா தோசைக் கரண்டியோடு வந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். எதுவுமே கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டோவுக்குச் சொன்னாள். அவள் கேட்காமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "எப்படி ஊன்றினீங்க?" என்று கேட்டார்.

"ஒரு சாவு டாக்டர்" என்றார் மச்சான். "பதட்டத்துல எந்திரிச்சிட்டேன்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "அடடா. நெருங்கின சொந்தமா?"

மச்சானுக்குப் பொய் சொல்ல வராது. யோசித்துத்தான் பதில் சொன்னார். "ஒரு மாசப் பழக்கம். வண்டி ஓட்டுறவரு."

"ஆக்சிடெண்ட்டா?"

"ஆத்துல போயிட்டாரு."

"உடல எடுத்துட்டாங்களா?"

மச்சான் என் பக்கம் கையைக் காட்டினார். "அத இவரத்தான் கேக்கணும்."

"டாக்டர், அது வெளையாட்டு" என்றாள் அக்கா. "ரெண்டு பேரும் கட்டைய வச்சு வெளையாடுறாங்க. அதுல ஒரு ஆளு செத்துப்போச்சாம்."

டாக்டர் எங்கள் இருவருடைய தலைமுடியையும் பார்த்தார். இரண்டிலும் கறுப்பு குறைவு. பிறகு ஒரு சீட்டில் எழுதி, எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார்.

படம் வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம்: அக்கா, அடுத்து மச்சான், அடுத்து நான். ஆணியா, இல்லையா என்பதுதான் மூன்று பேர் மனதிலும். மச்சானின் நெற்றியில் வியர்த்திருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல" என்றார். ஐந்து வாரமாக அதே பதில்.

"நோட்டக் கொண்டாந்தியா?" என்று கேட்டார்.

கொண்டுவந்திருந்தேன். கையோடு எடுத்துவந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ரெண்ட அடி. ஆறுன்னு எழுது."

அலுவலக முறைப்படி, பழைய எண் படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, மேலே ஆறு என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். என் நோட்டுகளில் நான் தெரிந்தே தவறாக எழுதி அடித்த இடம் அது ஒன்றுதான்.

"இந்த ஆள் செத்துட்டா ஆட்டம் முடிஞ்சிருமேன்னுதான் மச்சான். வேற ஒண்ணும் இல்ல."

"முடிஞ்சிருமா? ஏன்?"

"நீங்க ஒரு ஆளுதான. அந்த ஆளே போயிட்டா அப்புறம் யாரு?"

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. "செத்தவன ஆத்தோட விட்டுட்டு வீட்டுக்குப் போயிருவியா? அவன் வீட்டுக்குக் கேதம் சொல்ல வேணாமா?"

அதுவரை எங்கள் இருவரோடும் பேசாதிருந்த அக்கா, சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "பொண்டாட்டி இருக்கா அவனுக்கு. மொத நாளே தம்பிகிட்ட கேட்டேன், இருக்குன்னான். அவளுக்கு யாரு போயிச் சொல்றது?"

என் மூன்று நோட்டுகளில் ஒரு மனிதன் சாவதற்கு நாற்பது வழிகள் இருந்தன. செத்த மறுநாள் காலை என்ன என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அப்போதுதான் அந்தச் சேதியை, கேதத்தை, சொல்ல ஆட்கள் நாலா பக்கமும் கிளம்புவார்கள். ஒருவர் இங்கிட்டு, ஒருவர் அங்கிட்டு, எந்தப் பங்காளிக்கு நேரில் சொல்ல வேண்டும், யாருக்குப் போன் போதும், யாருக்குச் சொல்லாவிட்டால் பத்து வருடம் பேசமாட்டார்கள் என்று கணக்குப் பார்த்துக் கிளம்புவார்கள். எத்தனையோ புத்தகம் படித்த எனக்கு இது ஞாபகம் வரவில்லை. ஒரு கண்டக்டருக்கு வந்தது; எத்தனை ஆயிரம் கேதக்காரர்களை முதல் பேருந்தில் ஏற்றியிருப்பார்.

படம் வந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து, பழையதோடு வைத்துப் பார்த்தார். ஓர் இடத்தில் மயிரிழை நகர்ந்திருக்கிறது என்றார். ஆணி இப்போது வேண்டாம். ஆனால் ஆறு வாரம் என்பது ஒன்பது வாரம். "இன்னொரு தடவ எந்திரிச்சா நான் கேக்கவே மாட்டேன், நேரா தியேட்டர்தான்." தகுதிச் சான்றைப் பற்றி மச்சான் கேட்டதற்கு, அதை அப்புறம் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

நான்கு நாள் நான் அங்கே போகவில்லை. போகத் துணியவில்லை என்பதுதான் சரி. புதன்கிழமை அக்காவே கூப்பிட்டாள்.

"வா. காலையிலேருந்து அந்தக் கேதத்தப் பத்தியே பேசிக்கிட்டு இருக்காரு. நீ வரலைன்னா மொட்டமாடிக்கு ஏறிருவாரு. ஆனா மூணு விசயம். அட்டை கெடையாது. கட்டைய ரெண்டு பேரும் தட்டுலதான் உருட்டணும். இனிமே யாராச்சும் செத்தா, என்னக் கூப்பிட்டு அவரு தோள அமுக்கிப் புடிச்சதுக்கு அப்புறம்தான் சொல்லணும்."

அன்று மச்சான் வெற்றிலை வியாபாரியாக மறுபிறவி எடுத்தார். கரையில் இறங்கி நின்றவர்களில் கேதம் சொல்லப் போகக்கூடியவர் அவர் ஒருவர்தான். பிள்ளைத்தாச்சியும் அம்மாவும் எங்கே போவார்கள்? முத்திரையிட்ட ஓலை என்ன ஆயிற்று என்று நான் ஆசையோடு கேட்டேன். "தண்ணியில போயிருக்கும்" என்றார் மச்சான். மூன்று நோட்டும் அந்த ஒரு வார்த்தையோடு போயிற்று.

வெற்றிலை வியாபாரி கிழக்கே நடந்தார். வந்த வழியே திரும்ப வேண்டும். முன்பு வண்டி நின்ற ஒவ்வோர் ஊரிலும் யாராவது ஒருவர் எதிரே வந்து, "மேக்க போன வண்டி எப்ப திரும்பும்?" என்று கேட்டார். ஏற்றி இறக்கிய அந்தப் பதினேழு பேரை நான் வெட்டிவேலை என்று நினைத்திருந்தேன். இப்போது ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மீன்காரம்மா ஒரு கூடை கருவாட்டைக் கொடுத்து அந்த வீட்டில் சேர்க்கச் சொன்னார். கோயில் மடப்பள்ளிக்காரர், வெள்ளிக்கிழமை வெல்லம் கேட்டு வந்தவரா என்று இரண்டு முறை கேட்டார். அந்த நான்கு வாரத்தில் திருடன் ஒருவன்கூடத் தேவைப்படவில்லை. மச்சானின் கை நாற்காலிப் பிடியை அழுத்தவும் இல்லை. நடக்கிற வேலையைத்தான் வியாபாரி பார்த்துக்கொண்டாரே.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை. மறுநாள் கடைசி எக்ஸ்ரே. வியாபாரி கடலோர ஊரை அடைந்தார்.

"பனையோலைக் கூரை போட்ட வீடு" என்று ஆரம்பித்தேன். "வாசல்ல ஒரு பொம்பள அரிசி பொடச்சுக்கிட்டு இருக்கா."

அவளுடைய குரலில் பேசத் தொண்டையைச் சரிசெய்தேன். அதற்குள் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து மச்சானுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நீ இரு" என்றாள் என்னிடம். பிறகு மச்சானிடம், "வாங்க. யாரு?"

மச்சான் தடுமாறிவிட்டார். "வெத்தல யாவாரம். மேக்கேருந்து வாரேன்."

"எங்க வீட்டு வண்டியப் பாத்தீங்களா வழியில?"

இருபத்தாறு ஆண்டு ஊர்ப்பெயர்களைச் சத்தம் போட்டே சொன்ன மனிதர் வாயைத் திறக்கவில்லை.

"உக்காருங்க. தண்ணி கொண்டாரேன்."

"வேணாம்த்தா."

எங்கள் பக்கத்தில் கேதம் சொல்ல வந்தவர் அந்த வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதில்லை. நின்றவாக்கில் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். அந்த ஒரு "வேணாம்" போதுமானதாக இருந்தது. அக்கா அரிசி புடைக்கிற கையை மடியில் வைத்துக்கொண்டாள். முறமே இல்லாத கை அது.

"என்னக்கி?" என்று கேட்டாள்.

மச்சான் என்னைப் பார்த்தார். "சனிக்கெழமை" என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தேன். அவர் சொன்னார்.

"வண்டியில வந்த சனம்?"

"எல்லாரையும் எறக்கிவிட்டுட்டுத்தான் எறங்குனாரு. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல."

"அப்புடித்தான் செய்வாரு" என்றாள் அக்கா. "மாடு?"

"ரெண்டும் கரையேறிருச்சு" என்றேன் நான் அவசரமாக. கட்டை எதையும் உருட்டவில்லை. யாரும் ஆட்சேபிக்கவும் இல்லை.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு அதே குரலில், முக்காலிமேல் இருந்த மாவுக்கட்டைப் பார்த்தபடி கேட்டாள்: "இம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்கீங்க. காலு வலிக்கலயா?"

மச்சான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வியாபாரியாகப் பதில் சொல்வதா, தானாகச் சொல்வதா என்று யோசித்தாரோ என்னவோ.

"வலிக்குது" என்றார். "ராத்திரியில ரொம்ப வலிக்குது."

அக்கா ஒரு தலையணையை எடுத்துவந்து காலுக்கு அடியில் வைத்தாள். அன்று அதற்குமேல் ஆட்டம் நடக்கவில்லை.

மறுநாள் வியாழன், காலை பதினொன்றேகாலுக்குப் படம் பார்த்தார்கள். கூடிவிட்டது என்றார் டாக்டர். மாவுக்கட்டை வெட்டி எடுத்தபோது கால் ஒரு சுற்று இளைத்து, தோல் வெளுத்து, வேறு யாருடைய காலோ போல இருந்தது. இரண்டு வாரம் பயிற்சி செய்துவிட்டு வந்தால் சான்று எழுதித் தருவதாகச் சொன்னார். "எங்க, கீழ ஊன்றுங்க பாப்போம்."

மச்சான் உடனே ஊன்றவில்லை. அக்காவைப் பார்த்தார். அவள் அருகில் வந்து தோளைப் பிடித்துக்கொண்ட பிறகு, முதலில் குதிகாலை வைத்தார், அப்புறம் விரல்களை.